அளவு மிஞ்சினால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

கொச்சு என்றால் சிறியது. அங்காடி என்றால் கடைத்தெரு. மட்டாஞ்சேரியில் உள்ள கொச்சங்காடியின் பெயரைப் பிரித்தாலே பாதி தமிழ் வந்துவிடுகிறது. பெயரில்தான் சிறியது, பழமையில் பெரியது. 1344-45ல் யூதர்கள் இங்கே ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். ஆலயம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும், 1568ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே பத்திரமாக இருக்கிறது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் பெயர் பெற்ற செம்பிட்டபள்ளி என்ற மசூதியும் கொச்சங்காடியில்தான் உள்ளது. காயல்பட்டினத்தைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் நைனா குடும்பத்தினரும் கொச்சியின் இந்தப் பகுதிக்குப் பழையவர்களே.

மட்டாஞ்சேரி வீதிகளில் ஒரு மணி நேரம் நடந்தால் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி உருது என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். இங்குள்ளவர்களுக்கு மொழி கற்றுக்கொள்வது பெரிய காரியமல்ல. கடையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று பழகியவர்கள். ஆங்கிலமும் இவர்களுக்குப் புதிதல்ல. பக்கத்திலுள்ள ஃபோர்ட் கொச்சி 1795ல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போய், நம் மதராஸ் ராஜதானியோடு சேர்ந்திருந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் எல்லையில் இருந்தது. ஒரு சில தெருக்களைத் தாண்டினால் ஆட்சியே மாறிவிடும்!

இருந்தும் ஒரு சங்கடம் உண்டு. நம்மவர்களுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் வரும். விடுப்பு விண்ணப்பம் எழுதுவார்கள். சரக்குப் பட்டியல் போடுவார்கள். ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்’ என்று கம்பீரமாகத் தொடங்குவார்கள். ஆனால், ‘நேற்றுக் கல்யாண வீட்டில் பிரியாணியை ஒரு பிடி அதிகமாகவே பிடித்துவிட்டேன், இன்று சுலைமானி தவிர வேறெதுவும் இறங்கவில்லை’ என்று ஒரு வெளிநாட்டு விருந்தாளியிடமோ, வேறு மாநில அதிகாரியிடமோ சொல்ல வேண்டி வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் ‘டூ மச்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுக் கையை ஆட்டிவிடுகிறார்கள்.

சாப்பாட்டில், தூக்கத்தில், செலவில், வேலையில், விளையாட்டில் அளவு மீறுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று நாம் சொல்கிறோம். ‘அதிகமாயால் அமிர்தும் விஷம்’ என்று மலையாளத்தில் அப்படியே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு தனிக் குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் அறிமுகம் செய்துகொள்வோம்.

முதல் தடங்கல்: ‘வெரி’யும் ‘டூ’வும்

தமிழில் ‘ரொம்ப’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ‘சாம்பார் ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்றால் பாராட்டு. ‘உப்பு ரொம்ப இருக்கிறது’ என்றால் புகார். கேட்பவருக்குச் சந்தேகமே வராது. இந்தப் பழக்கத்தில் நாம் ஆங்கிலத்திலும் ‘டூ’வை எடுத்துப் பாராட்டுக்குப் போட்டுவிடுகிறோம். ‘தி ஃபுட் இஸ் டூ டேஸ்டி’ என்கிறோம். ‘ஐ லவ் மை மதர் டூ மச்’ என்றும் சொல்கிறோம்.

ஆங்கிலேயர் காதில் ‘டூ’ என்பது பெரும்பாலும் புகார்தான். தேவைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். தாயை ‘டூ மச்’ நேசிக்கிறேன் என்றால், இவ்வளவு நேசிப்பது சரியில்லை என்று தானே ஒப்புக்கொள்வது போலாகிவிடும். பாராட்டுக்கு ‘வெரி’, ‘ஸோ’, ‘வெரி மச்’. அளவு மீறியதற்கு ‘டூ’, ‘டூ மச்’, எண்ணக்கூடியதானால் ‘டூ மெனி’. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஓவர் படுத்தும் பாடு

‘ரொம்ப ஓவராப் போறான்’ என்று தமிழிலேயே இப்போது பேசுகிறோம். ஆகவே ‘ஓவர்’ நமக்கு அந்நியமல்ல. வினைச்சொல்லுக்கு முன்னால் இதைச் சேர்த்தால் பல இடங்களில் அளவு மீறிய அர்த்தம் வந்துவிடும். ஓவர்ஈட் என்றால் மிதமிஞ்சிச் சாப்பிடுவது. ஓவர்ஸ்பெண்ட் என்றால் கைமீறிச் செலவழிப்பது. ஓவர்வொர்க் என்றால் சக்திக்கு மேல் உழைப்பது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது ஓவர்டூ. உடற்பயிற்சியோ, கேலியோ, அலங்காரமோ எதை மிதமிஞ்சிச் செய்தாலும் ‘ஐ ஓவர்டிட் இட்’ என்று முடித்துவிடலாம். காய்ச்சலிலிருந்து எழுந்தவர் வேலைக்குப் போகும்போது ‘டோன்ட் ஓவர்டூ இட்’ என்று வீட்டார் சொல்வார்கள். ‘உடம்பை ரொம்ப அலட்டிக்கொள்ளாதே’ என்று நாம் சொல்வது போல.

ஓவர்ஸ்லீப் என்ற சொல்லில் ஒரு நுணுக்கம் உண்டு. எழ வேண்டிய நேரத்தில் எழாமல் தூங்கிப்போவதுதான் அது. ‘ஐ ஓவர்ஸ்லெப்ட் அண்ட் மிஸ்டு தி ட்ரெயின்’ என்பது சரி. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே எட்டு மணி வரை படுத்திருந்தால் அது ‘ஸ்லெப்ட் இன்’. முன்னது தவறிப் போனது. பின்னது திட்டமிட்ட சுகம்.

ஆனால் ‘ஓவர்’ போட்டதெல்லாம் அளவு மீறியதாகிவிடாது. ஓவர்டைம் என்பது கூடுதல் நேர வேலை, அவ்வளவுதான். மராமத்து இலாகாவில் இருக்கும் ஓவர்ஸியர் அளவுக்கு மீறிப் பார்ப்பவர் அல்ல, மேற்பார்வை செய்பவர். ஓவர்லுக் என்றால் பார்க்கத் தவறிவிடுவது! மேலதிகாரியிடம் ‘ஐ ஓவர்லுக்ட் தி அக்கவுண்ட்ஸ்’ என்று சொன்னால், கணக்கை நன்றாகப் பார்த்தேன் என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இலையிலும் கோப்பையிலும்

‘இன்டல்ஜ்’ என்று ஒரு சொல். பிள்ளைக்குச் செல்லம் கொடுப்பதும் இன்டல்ஜ்தான், தனக்குத்தானே செல்லம் கொடுத்துக்கொள்வதும் இன்டல்ஜ்தான். அந்தச் செல்லம் எல்லை தாண்டினால் ‘ஓவர்இன்டல்ஜ்’. நாகரிகமான சொல் இது. விருந்துக்கு மறுநாள் ‘ஐ ஓவர்இன்டல்ஜ்டு யெஸ்டர்டே’ என்றால், என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார் என்று யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். நண்பர்களுக்குள் என்றால் ‘ஐ ஸ்டஃப்டு மைசெல்ஃப்’ என்பார்கள். மூக்கு முட்டச் சாப்பிட்டேன் என்ற அதே ஜாதி.

இலையில் நிறைய வாங்கிக்கொண்டு மீதம் வைப்பவரைப் பார்த்து, கண் வயிற்றைவிடப் பெரிது என்று ஆங்கிலத்தில் கேலி செய்வதுண்டு. ‘யுவர் ஐஸ் ஆர் பிகர் தேன் யுவர் ஸ்டமக்.’ நாம் வயிற்றுப்பசி தீர்ந்தும் கண்பசி தீரவில்லை என்கிறோம்.

போதும் என்று சொல்ல ‘ஐ ஆம் ஃபுல்’ என்றால் போதுமானது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ‘ஃபுல்’ என்றவுடன் சிலருக்கு மதுப்புட்டிதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது வயிறு நிறைந்ததைத்தான் குறிக்கும். தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ‘ஐ ஹேட் ஒன் டூ மெனி’ என்பதில் ஜாக்கிரதை தேவை. ‘ஒன்று அதிகமாகிவிட்டது’ என்று பச்சையாக அர்த்தம் செய்துகொண்டு வடைக்கும் பழம்பொரிக்கும் இதைச் சொல்லக்கூடாது. வெறுமனே இப்படிச் சொன்னால் ஆங்கிலேயர் மதுக்கோப்பை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றை அணைக்கும்முன் அடுத்ததைப் பற்ற வைப்பவருக்கு ‘செயின் ஸ்மோக்கர்’ என்று பெயர். அவர் சுருட்டுப் பிடிப்பவரானால், அதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஷெரூட்’ என்ற சொல் நம்முடைய சுருட்டிலிருந்தே போனது. வார்த்தைக் கடனில் நாமும் கொடுத்திருக்கிறோம்!

கடலிலிருந்து வந்த வார்த்தை

கொச்சிக்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது ‘கோ ஓவர்போர்டு’. கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுவது அதன் நேர் அர்த்தம். 1920ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வழி செய்ததால், 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. அன்று முதல் கப்பல் மேல்தளமும் அதன் விளிம்பும் இந்த ஊரில் பலருடைய தினசரிப் பிழைப்பு. விளிம்புவரை போவதில் ஆபத்தில்லை, தாண்டினால்தான் ஆபத்து. உற்சாகத்தில் எல்லை மீறுகிறவரை ஆங்கிலத்தில் ‘ஹீ வென்ட் ஓவர்போர்டு’ என்கிறார்கள். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிப் பந்தல் போட்டவருக்கு இது பொருந்தும்.

இதைவிட மென்மையானது ‘ஐ காட் கேரிட் அவே’. வெள்ளம் அடித்துக்கொண்டு போவது போல ஆர்வம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று கருத்து. பேச எழுந்தவர் அரைமணி நேரம் கூடுதலாகப் பேசிவிட்டால், ஜவுளிக்கடைக்கு ஒரு சேலை எடுக்கப் போனவர் நான்கோடு திரும்பினால், ‘ஸாரி, ஐ காட் கேரிட் அவே’ என்று சிரித்துக்கொண்டே சமாளிக்கலாம். மன்னிப்பும் ஆயிற்று, காரணமும் சொல்லியாயிற்று.

‘ஓவர் தி டாப்’ என்று இன்னொன்று. முதல் உலகப் போரில் பதுங்குகுழி விளிம்பில் ஏறிக் குதித்து எதிரியைத் தாக்கப் போவதை அப்படிச் சொன்னார்கள். இன்று மிகைப்பட்ட நடிப்பு, மிகைப்பட்ட அலங்காரம் எல்லாவற்றுக்கும் அது ஆகிறது. எல்லார் வாயிலும் அடிபடும் ‘ஓ.டி.டி.’யின் விரிவும் இதே மூன்று சொற்கள்தான். கேபிள் பெட்டிக்கு மேலாக, அதன் தயவில்லாமல் இன்டர்நெட் வழியே படம் வருவதால் அந்தப் பெயர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரவு முழுக்க அதைப் பார்க்கிறவர்களைப் பார்த்தால் சம்பந்தம் இருப்பது போலத்தான் தோன்றுகிறது.

திரைக்கு முன்னால்

அப்படி ஒரே மூச்சில் தொடர் முழுவதையும் பார்ப்பது ‘பிஞ்ஜ் வாட்சிங்’. காலின்ஸ் அகராதிக்காரர்கள் 2015ன் சொல்லாக இதையே தேர்ந்தெடுத்தார்கள். பிஞ்ஜ் என்பது இங்கிலாந்தின் வட்டார வழக்கு. மரப்பாத்திரம் காய்ந்து ஒழுகினால், தண்ணீரில் ஊறவைத்து மரம் உப்பி இடைவெளி அடையும்படி செய்வார்கள்; அந்த ஊறவைப்புக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு 19ம் நூற்றாண்டில், மதுவில் ஊறிக் கிடக்கிறவனுக்கு அது ஒட்டிக்கொண்டது. தமிழிலும் ‘குடியிலேயே ஊறியவன்’ என்கிறோம் அல்லவா? இரண்டு நாட்டிலும் மனிதன் கண்ட உவமை ஒன்றே.

பார்த்துக்கொண்டே அசையாமல் சோபாவில் கிடப்பவருக்கு ‘கவுச் பொட்டேட்டோ’ என்று பெயர். 1970களில் அமெரிக்காவில் பிறந்த கேலிப் பெயர் இது. பிரிட்டனில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு இது பிடிக்கவில்லை. சத்தான காய்கறியைச் சோம்பேறிக்கு உவமையாக்குவதா என்று 2005ல் வீதியில் இறங்கி, அகராதியிலிருந்து அதை எடுக்கச் சொன்னார்கள். அகராதிக்காரர்கள் அசையவில்லை. மக்கள் பேசுவதைப் பதிவு செய்வதுதானே அவர்கள் தொழில்?

வேலையும் ஒரு போதை

கொச்சியில் பிழைக்க வந்த தமிழரிடம் அதிகம் காணப்படும் மிகை, உழைப்புதான். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று உடம்பைப் பார்க்காமல் ஓடுகிறவர்கள் உண்டு. ‘பர்னிங் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்’ என்று இதற்குச் சொல்வார்கள். ஒரே மெழுகுவர்த்தியை இரு முனையிலும் கொளுத்துவது. சக்திக்கு மீறிய பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டால், மெல்ல முடியாத அளவு கடித்துவிட்டான் என்பார்கள்: ‘ஹீ பிட் ஆஃப் மோர் தேன் ஹீ குட் சூ.’ நாம் அகலக்கால் வைத்துவிட்டான் என்கிறோம். அவர்களுக்கு வாய், நமக்குக் கால்.

‘வொர்க்கஹாலிக்’ என்ற சொல்லைப் பரப்பியவர் வெய்ன் ஓட்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார். மனநல அறிஞரும் ஆவார். 1971ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே அச்சொல் இருந்தது. குடிநோயாளிக்கு உள்ள ‘ஆல்கஹாலிக்’ என்ற சொல்லை வெட்டி ஒட்டிச் செய்தது அது. ஆல்கஹாலின் மூலமோ ‘அல் குஹ்ல்’ என்ற அரபுச் சொல். கண்ணுக்கிடும் மை என்று அதற்கு அர்த்தம். மையிலிருந்து மதுவுக்கும், மதுவிலிருந்து வேலை வெறிக்கும் ஒரு சொல் பிரயாணம் செய்திருக்கிறது. நம் நாட்டில் வேலைக்கான இன்டர்வியூவில் ‘ஐ ஆம் எ வொர்க்கஹாலிக்’ என்று பெருமையாகச் சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அது நோயின் பெயராகப் பிறந்தது என்பதை அவர்கள் அறிவது நல்லது. ‘ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங்’ என்றாலே மதிப்பு.

ஒரு வார்த்தையில் மட்டும் நிதானம்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் சிரிப்போடு போய்விடும். ‘அடிக்ட்’ என்ற வார்த்தை அப்படியல்ல.

லத்தீனில் ‘அடிக்டஸ்’ என்றால் கடனைத் திருப்ப முடியாமல், நீதிபதியின் தீர்ப்பால் கடன்காரனிடம் ஒப்படைக்கப்பட்டவன். கிட்டத்தட்ட அடிமை. தமிழில் ‘போதைக்கு அடிமை’ என்று நாம் சொல்வதும் அதே இடத்துக்குத்தான் போகிறது. இவ்வளவு கனமான சொல்லை இன்று டீக்கும், கிரிக்கெட்டுக்கும், சீரியலுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ‘ஐ ஆம் அடிக்டட் டு டீ’ என்று விளையாட்டாகச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய், ஆசிரியர் முன்னால் ‘ஹீ இஸ் அன் அடிக்ட்’ என்று பெற்றோரே சொல்லும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. பெற்றோர் மனதில் இருப்பது ‘எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான்’ என்பதுதான். கேட்பவர் காதில் விழுவதோ போதைப் பொருள். ஒரு நிமிட ஆங்கிலம் ஒரு பையன்மீது முத்திரை குத்திவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019ல் ஏற்று, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ இடம்பெற்றது உண்மை. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. விளையாட்டின்மீது கட்டுப்பாடு இழக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட அது பெரிதாக வேண்டும். கெடுதல் வந்தபிறகும் தொடர வேண்டும். பொதுவாக இது 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் நாள் முழுக்க விளையாடினான் என்பதற்காகப் பையன் நோயாளி ஆகிவிட மாட்டான். உண்மையான நோயாளியைக்கூட அந்தப் பெயரால் அழைக்க வேண்டாம் என்பதே இப்போதைய போக்கு. அமெரிக்காவின் அசோஸியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017ல் தன் நிருபர்களுக்கு அந்த யோசனையைச் சொன்னது. ஆளை நோயின் பெயரால் கூப்பிடாமல், ‘பழக்கத்தால் அவதிப்படுகிறவர்’ என்று சொல்லச் சொல்கிறார்கள்.

ஆகவே பையனைப் பற்றி ‘ஹீ ஸ்பெண்ட்ஸ் டூ மச் டைம் ஆன் ஹிஸ் ஃபோன்’ என்று சொல்லலாம். ‘ஹீ இஸ் ஆல்வேஸ் க்ளூட் டு ஹிஸ் ஃபோன்’ என்றால், பசைபோட்டு ஒட்டியது போல இருக்கிறான் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டுமானால் ‘ஹீ இஸ் ஹூக்ட் ஆன் இட்’. தூண்டிலில் மாட்டிய மீன் அது. மீனைத் தூண்டிலிலிருந்து எடுத்துவிடலாம்; முத்திரையை எடுப்பது கஷ்டம்.

நிலைமை உண்மையிலேயே கைமீறியிருந்தால் வார்த்தையில் மறைக்கவும் வேண்டாம். கேரள அரசின் ‘விமுக்தி’ திட்டம் 2016 முதல் போதைக்கு எதிராகச் செயல்படுகிறது. போனிலும் விளையாட்டிலும் சிக்கிய பிள்ளைகளுக்காகக் கேரள போலீஸார் 2023ல் ‘டி-டாட்’ என்ற ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம் என்பதால் அங்கே ஆங்கிலத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

படிப்படியாகப் பழக

இத்தனையையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் அதுவே ‘ஓவர்டூயிங் இட்’ ஆகிவிடும். ஏணிப்படி போல வரிசைப்படுத்திக்கொள்வது சுலபம். கீழ்ப்படி, ‘ஐ காட் கேரிட் அவே’. அடுத்தது, ‘ஐ ஓவர்டிட் இட்’. அதற்கு மேல், ‘ஐ வென்ட் ஓவர்போர்டு’. பிறகு, ‘ஐ ஆம் ஹூக்ட்’. உச்சியில் ‘அடிக்டட்’. நடந்தது எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் தமிழிலேயே மனதில் தீர்மானித்துவிட்டால் வார்த்தை தானே வரும்.

வாரத்துக்கு இரண்டு பிரயோகம் போதும். அதைத் தன் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றோடு சேர்த்து ஒரு வாக்கியமாக எழுதிக்கொண்டு, நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘அடிக்டட் டு’, ‘ஹூக்ட் ஆன்’, ‘க்ளூட் டு’ என்று ஒட்டுச் சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். தனியே படித்தால் பேசும்போது ‘அடிக்டட் வித்’ என்று வாயில் வந்துவிடும். பள்ளிக்கூடம் போகாமலேயே மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நாலு மொழி கற்றவர்கள் இப்படித்தான் கற்றார்கள். தேவைக்கு ஒரு வார்த்தை, அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம், தவறினால் திருத்த ஒரு பக்கத்துக் கடைக்காரர்.

அடுத்த விருந்தில் இரண்டாவது முறை பரிமாற வருகிறவரிடம் கையை ஆட்டி ‘டூ மச், டூ மச்’ என்று சொல்ல வேண்டாம். சமையல்காரர் மனம் நோகும். ‘இட் வாஸ் வெரி குட், பட் ஐ ஆம் ஃபுல்’ என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்கும் மரியாதை, வயிற்றுக்கும் மரியாதை.